குழந்தைக்கு வாயுத் தொல்லையா? பால்மாவு டின்னை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

"பாலை மாத்திப் பாரு, சரியாயிடும்."

புதிதாகப் பெற்றோரானவர்கள் இதைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. மாமியார் சொல்வார். அலுவலக நண்பர் சொல்வார். வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத ஒருவரும் சொல்வார்.

குழந்தை காலை மடக்கி, முகம் சிவந்து வீறிட்டு அழும்போது உடனே எதையாவது செய்ய வேண்டும் என்றுதான் தோன்றும். மறுநாளே பேரங்காடிக்குப் போய்ப் புது டின் வாங்கிவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து இன்னொன்று.

வாயுவுக்கும் பால்மாவுக்கும் நாம் நினைக்கும் அளவுக்குத் தொடர்பு உண்டா? பால்மாவை எப்போது மாற்றலாம், எப்போது மாற்றக்கூடாது? வீட்டில் என்ன செய்யலாம்? பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• வாயு எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. பெரும்பாலும் அது நோயல்ல.
• பால்மாவை மாற்றும் முன், பால் கொடுக்கும் முறையையும் கலக்கும் முறையையும் சரிபாருங்கள்.
• சிங்கப்பூரில் விற்கப்படும் எல்லாப் பால்மாவும் குழந்தையின் வளர்ச்சிக்குப் போதுமான சத்துள்ளவை. விலை கூடியது என்பதற்காக வயிறு அமைதியாகிவிடாது.
• மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, காய்ச்சல், எடை கூடாமல் இருப்பது ஆகியவை வாயுவின் அறிகுறிகள் அல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

வாயு எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகளில்.

முதலாவது, விழுங்கும் காற்று. பால் குடிக்கும்போது குழந்தை காற்றையும் சேர்த்தே விழுங்குகிறது. அழும்போது இன்னும் அதிகமாக விழுங்கும். "வாயு இருக்கு, அதான் அழுறான்" என்று நாம் சொல்கிறோம். பல நேரம் நடப்பது தலைகீழ். அழுததால்தான் வாயு சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, குடலில் உருவாகும் வாயு. பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கிருக்கும் பாக்டீரியா அதை உண்ணும்போது வாயு உண்டாகும். இது இயல்பான வேலை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் இது நடக்கும்.

பெரியவர்கள் எழுந்து நடந்து வாயுவை வெளியேற்றிவிடுகிறோம். கைக்குழந்தை நாளெல்லாம் படுத்தே இருக்கிறது. அதனால்தான் இத்தனை நெளிசல், இத்தனை முனகல்.

வாயுவா, கோலிக்கா, முக்கலா?

மூன்றையும் நாம் 'வாயு' என்றே சொல்லிவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு.

சாதாரண வாயு: குழந்தை நெளியும், காலை மடக்கும், கொஞ்சம் அழும். ஏப்பமோ காற்றோ வெளியேறியதும் அமைதியாகிவிடும்.

முக்கல்: சில குழந்தைகள் மலம் போகும் முன் 10 நிமிடமோ அதற்கு மேலுமோ முகம் சிவக்க முக்கி அழும். அதன் பிறகு வருவது மிருதுவான மலம்தான். இது மலச்சிக்கல் அல்ல. வயிற்றை அழுத்தும்போதே ஆசனவாயைத் தளர்த்தவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தானாகப் பழகிவிடும். மருந்து வேண்டாம், பால்மாவையும் மாற்ற வேண்டாம்.

கோலிக்: நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை காரணமே தெரியாமல் நீண்ட நேரம் அழுவது. என்ன செய்தாலும் நிற்காது. பெரும்பாலும் மாலை, இரவு நேரங்களில் வரும். "நாளில் 3 மணி நேரம், வாரத்தில் 3 நாள், 3 வாரம்" என்ற கணக்கை 1954ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸலும் அவருடைய குழுவினரும் முன்வைத்தார்கள். இன்று மருத்துவர்கள் அந்த அளவுக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை.

ஏறக்குறைய 5 குழந்தைகளில் ஒன்றுக்குக் கோலிக் வருவதாகச் சொல்லப்படுகிறது. பால்மாவு குடிக்கும் குழந்தைக்கும் வரும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும்.

இதில் முக்கியமான ஒன்று: குழந்தைகளின் அழுகை பிறந்து 2 வாரத்தில் கூடத் தொடங்கி, சுமார் 6 வாரத்தில் உச்சத்துக்குப் போகும். 3, 4 மாதத்தில் தானாகக் குறைந்துவிடும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கதையை யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு 6 வாரம் ஆகும்போது முதல் டின்னை மாற்றுகிறோம். 9 வாரத்தில் அடுத்ததை. 12 வாரத்தில் மூன்றாவது டின். அழுகை நின்றுவிடுகிறது. "இந்தப் பிராண்டுதான் ஒத்துக்குச்சு" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம். குழந்தையைச் சரிப்படுத்தியது டின்னாக இருக்கத் தேவையில்லை. அதற்கு 3 மாதம் ஆகிவிட்டது, அவ்வளவே.

முதலில் புட்டியைப் பாருங்கள்

காற்று உள்ளே போவதைக் குறைப்பதுதான் முதல் வேலை. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

• குழந்தையை நிமிர்த்திப் பிடியுங்கள். தலை வயிற்றைவிட உயரத்தில் இருக்கட்டும். படுக்கவைத்துப் புட்டியை வாயில் முட்டுக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். புரையேறும் ஆபத்து உண்டு.
• நிப்பிள் முழுவதும் பால் நிறைந்திருக்கும் அளவுக்குப் புட்டியைச் சாயுங்கள். பாதி காலியாக இருந்தால் குழந்தை காற்றைத்தான் உறிஞ்சும்.
• புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது, குழந்தை அவசரமாக விழுங்கும். துளை மிகச் சிறிதாக இருந்தாலும் சிரமம்தான். நிப்பிள் பொட்டலத்தில் எந்த வயதுக்கு என்று போட்டிருப்பார்கள், பாருங்கள்.
• அவசரப்படுத்தாதீர்கள். நடுநடுவே புட்டியை இறக்கி ஓய்வு கொடுங்கள்.
• பசியால் வீறிட்டு அழும்வரை காத்திருக்க வேண்டாம். வாயைச் சப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது எல்லாம் பசியின் முதல் அடையாளங்கள்.
• போதும் என்று வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள். "இன்னும் 20 மில்லிதான், குடிச்சிடு" என்று திணிக்க வேண்டாம்.

எவ்வளவு பால் கொடுக்கலாம்? முதல் வாரத்துக்குப் பிறகு, நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் என்பது பொதுவான கணக்கு. 5 கிலோ குழந்தைக்குச் சுமார் 750 மில்லிலிட்டர். இது தோராயமான அளவுதான். குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆனால் நீங்கள் கொடுப்பது இதைவிட மிக அதிகமாக இருந்தால், வயிறு உப்பக் காரணம் பிராண்டாக இல்லாமல் அளவாக இருக்கலாம்.

கலக்கும் முறை சரியா?

பால்மாவு கிருமியற்ற பொருளல்ல. அதில் குரோனோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. அதனால் உலகச் சுகாதார நிறுவனம் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறது. கொதிக்கவைத்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். கலந்த பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

முதலில் தண்ணீர், பிறகு மாவு. ஸ்கூப்பை அமுக்கி நிரப்பாமல் மட்டமாக வழித்துப் போடுங்கள்.

மாவைக் கூடுதலாகப் போட்டால் பால் கெட்டியாகும். மலச்சிக்கலும் உடலில் நீர் வற்றுவதும் நேரலாம். "வயித்துக்கு லேசா இருக்கட்டும்" என்று தண்ணீரைக் கூட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்புவரை போகலாம்.

இன்னொன்று: புட்டியை டமடமவென்று குலுக்கினால் பாலில் நுரை சேரும். நுரை என்பது காற்றுதான். மெதுவாகச் சுழற்றிக் கலக்குங்கள். ஓரிரு நிமிடம் வைத்து, குமிழிகள் அடங்கிய பிறகு கொடுங்கள். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளைக்கு எடுத்துவைக்காதீர்கள்.

ஏப்பம், மசாஜ், தூக்கி நடப்பது

ஏப்பம் எடுக்க மூன்று வழிகள்: தோளில் சாய்த்து, மடியில் உட்காரவைத்துத் தாடையைத் தாங்கிப் பிடித்து, அல்லது மடியில் குப்புறப் படுக்கவைத்து. முதுகை மெதுவாகத் தடவினாலும் தட்டினாலும் போதும்.

ஏப்பம் வரவில்லையா? விட்டுவிடுங்கள். இந்தியாவின் சண்டிகரில் 71 தாய்மாரையும் அவர்களின் குழந்தைகளையும் 3 மாதம் கவனித்த ஓர் ஆய்வு 2015ல் வெளியானது. ஏப்பம் எடுத்ததால் கோலிக் குறையவில்லை. ஏப்பம் எடுக்கப்பட்ட குழந்தைகள் பாலைக் கக்கியதுதான் அதிகம். சில நிமிடம் முயன்று பாருங்கள். தூங்கும் குழந்தையை அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வேறென்ன செய்யலாம்?

• மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை சைக்கிள் ஓட்டுவதுபோல் அசையுங்கள்.
• பால் குடித்துச் சிறிது நேரம் ஆன பிறகு, வயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். பெருங்குடல் செல்லும் திசையும் அதுதான்.
• விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, சற்று நேரம் குப்புறப் படுக்கவையுங்கள்.
• நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடங்கள், ஆட்டுங்கள், பாடுங்கள். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம்.

தூங்கும்போது மட்டும் மாற்றமே வேண்டாம். எப்போதும் மல்லாக்கத்தான். "குப்புறப் படுத்தா வாயு போகும்" என்று தூங்கவைக்காதீர்கள். திடீர்ச் சிசு மரண அபாயம் கூடும். துணித் தொட்டிலில் கண்ணயர்ந்துவிட்டால், சமதளமான உறுதியான மெத்தைக்கு மாற்றுவதே பாதுகாப்பு.

பாட்டி வைத்தியம்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

தடவிக்கொடுப்பது, எண்ணெய் தேய்த்துக் காலை மடக்கி நீட்டுவது, தாலாட்டுவது. இவையெல்லாம் நல்லவை. பாட்டிமார் கை பட்டால் குழந்தை அடங்கும் என்பது சும்மா சொல்வதில்லை.

ஆனால் வாய்க்குள் போவது வேறு விஷயம்.

தேன்: ஒரு வயது ஆகும்வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். நாக்கில் தொட்டுவைக்கும் சடங்குக்கும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர்: 6 மாதத்துக்கு முன் தேவையில்லை. சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பினால் பாலுக்கு இடமிருக்காது.

வசம்பு: பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். சுட்டு உரசி நாக்கில் தடவுவார்கள். வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. கையில் வளையமாகக் கட்டினாலும் குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பும், கவனம்.

தைலங்கள்: இங்கே காற்றுக்கு மருந்தெண்ணெய் தடவும் வழக்கம் எல்லா இனத்தவரிடமும் உண்டு. சூடமும் மெந்தாலும் கலந்தவற்றைக் கைக்குழந்தைக்குத் தடவ வேண்டாம். ஜி6பிடி நொதிக் குறைபாடு இருக்கும் குழந்தைக்கு இவற்றில் சில ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். சிங்கப்பூரில் குழந்தை பிறந்ததும் அந்தக் குறைபாட்டுக்குப் பரிசோதிக்கிறார்கள். முடிவு குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

பாலில் அரிசி மாவு கலப்பது: வேண்டாம். புரையேறும், தேவையில்லாத கலோரியும் சேரும்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது? "டாக்டர் வாய்ல எதுவும் குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டார் பாட்டி, நீங்க வயித்தைத் தடவி விடுங்க." மறுப்பும் ஆச்சு, வேலையும் கொடுத்தாச்சு.

கடையில் கிடைக்கும் மருந்துகள் உதவுமா?

க்ரைப் வாட்டர்: 1851ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்தாளர் தயாரித்தது. அந்தக் காலத்துக் கலவையில் மதுசாரமும் சர்க்கரையும் இருந்தன. குழந்தை அமைதியானதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். இப்போது வருபவை பொதுவாக மதுசாரம் இல்லாதவை. ஆனால் கோலிக்கைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

சிமெத்திகோன் சொட்டு: குமிழிகளை உடைக்கும் மருந்து. குழந்தைக்குப் பாதுகாப்பானது என்றே கருதப்படுகிறது. ஆனால் ஆய்வுகளில் போலி மருந்தைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

புரோபயாட்டிக் சொட்டு: லாக்டோபசிலஸ் ரூட்டரி என்ற ஒரு வகை, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் அழுகை நேரத்தைக் குறைத்திருக்கிறது. பால்மாவு குடிக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பலன் உறுதியாகவில்லை. மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டின்னில் என்னென்ன வகை?

கடை அலமாரியில் பத்துப் பதினைந்து டின் இருந்தாலும், அடிப்படையில் சில வகைகள்தான்.

சாதாரணப் பசும்பால் பால்மாவு: பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும்.

'கம்ஃபர்ட்' வகை: புரதம் ஓரளவு உடைக்கப்பட்டிருக்கும், லாக்டோஸ் குறைவாக இருக்கும். வாயுவையும் கோலிக்கையும் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முக்கியமாக, இது ஒவ்வாமைக்கான பால் அல்ல.

லாக்டோஸ் இல்லாத வகை: "அப்பாவுக்குப் பால் ஒத்துக்காது, பிள்ளைக்கும் அப்படித்தான்" என்று வாங்குபவர்கள் உண்டு. ஆசியர்கள் பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது குழந்தைப் பருவம் கடந்து வருவது. பிறந்த குழந்தைக்கு அப்படி இருப்பது மிக மிக அரிது. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. பசும்பாலைவிட அதிகம்! குழந்தையின் வயிறு லாக்டோசுக்காகவே படைக்கப்பட்டது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் இந்த வகையைப் பரிந்துரைக்கலாம்.

சோயா: 6 மாதத்துக்குக் கீழ் மருத்துவர் சொன்னால் தவிர வேண்டாம்.

ஆட்டுப்பால்: சாதாரணக் குழந்தைக்குக் கொடுக்கலாம். பசும்பால் ஒவ்வாமை இருந்தால் உதவாது. இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒன்றே.

புரதம் பெருமளவு உடைக்கப்பட்ட வகை, அமினோ அமில வகை: பசும்பால் புரத ஒவ்வாமைக்கு உரியவை. இவற்றை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

விலை கூடினால் நல்லதா?

2017 மே மாதம் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் பால்மாவுச் சந்தையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்தாண்டில் 900 கிராம் டின்னின் சராசரி விலை சுமார் 120 விழுக்காடு உயர்ந்திருந்தது. 2016ல் அது 56 வெள்ளியைத் தொட்டது.

ஏன்? நிறுவனங்கள் விளம்பரத்தையும் 'உயர்தர' என்ற பிம்பத்தையும் வைத்துப் போட்டியிட்டன, விலையை வைத்து அல்ல. விலை கூடியதே நல்லது என்று பெற்றோர் நம்பினார்கள். மருத்துவமனையில் குழந்தைக்கு முதலில் கொடுத்த பிராண்டை விட்டு மாறவும் பலர் தயங்கினார்கள். அதனால் மருத்துவமனைக்குள் நுழையவே நிறுவனங்கள் போட்டியிட்டன.

அதற்குப் பிறகு அரசாங்கம் இறக்குமதி நடைமுறைகளை எளிமையாக்கியது. மலிவான பிராண்டுகள் வர வழி பிறந்தது. 12 மாதம் வரையிலான குழந்தைகளின் பால்மாவு டின்களில் பெருமையடிக்கும் வாசகங்களுக்கும் படங்களுக்கும் விதிகள் கடுமையாயின.

அப்போது அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இங்கே விற்க அனுமதிக்கப்பட்ட எந்தப் பால்மாவும், விலை என்னவாக இருந்தாலும், ஆரோக்கியமான குழந்தை வளரத் தேவையான சத்தைக் கொடுக்கும்.

ஆகவே விலைக்காக மலிவான பிராண்டுக்கு மாற நினைக்கிறீர்களா? தாராளமாக மாறலாம். குற்ற உணர்ச்சியே வேண்டாம். பால்மாவை மாற்ற அது மிக நியாயமான காரணம்.

மாற்ற முடிவு செய்துவிட்டேன். எப்படி?

1. தாய்ப்பால் கொடுப்பவர் வாயுவுக்காக அதை நிறுத்திவிட்டுப் பால்மாவுக்கு மாற வேண்டாம். பால் சுரப்பது குறைந்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது சிரமம். தாய்ப்பாலூட்டும் ஆலோசகரிடம் பேசுங்கள்.

2. குழந்தையின் வயதுக்குரிய டின்னா என்று பாருங்கள். முதல் கட்டப் பால்மாவு பிறந்ததிலிருந்து 6 மாதம் வரைக்குமானது.

3. புது டின்னின் அறிவுரையைப் புதிதாகப் படியுங்கள். ஒன்றில் 30 மில்லிலிட்டருக்கு ஒரு ஸ்கூப் என்றிருக்கும், மற்றொன்றில் 60 மில்லிலிட்டருக்கு ஒன்று. பழைய ஸ்கூப்பைத் தூக்கிப் போடுங்கள். மாற்றும்போது நடக்கும் பெரிய தவறே இதுதான். பணிப்பெண்ணுக்கும் தாத்தா பாட்டிக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

4. ஆரோக்கியமான குழந்தைக்கு ஒரு சாதாரணப் பால்மாவிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாறலாம். மெதுவாக மாற விரும்பினால், முதல் நாள் ஒரு வேளை, அடுத்த நாள் இரண்டு வேளை என்று கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மாவையும் ஒரே புட்டியில் கலக்க வேண்டாம், அளவு குழம்பிவிடும்.

5. மலத்தின் நிறமும் பதமும் மாறலாம். பச்சையாக இருந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை.

6. ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். மூன்று நாளில் முடிவு கட்டாதீர்கள். எத்தனை மணிக்குக் குடித்தது, எவ்வளவு, எப்போது அழுதது, எத்தனை ஈர டயப்பர் என்று கைத்தொலைபேசியில் குறித்துவையுங்கள். மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அந்தக் குறிப்பு உங்களுக்குக் கைகொடுக்கும்.

மருத்துவர் பால்மாவை மாற்றச் சொல்வது எப்போது?

உண்மையாகவே பால்மாவுதான் பிரச்சினை என்ற நிலையும் உண்டு. அதற்குப் பெயர் பசும்பால் புரத ஒவ்வாமை. 100 குழந்தைகளில் 2, 3 பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

அதில் வெறும் வாயு மட்டும் இருப்பதில்லை. தோலில் தடிப்பு அல்லது கடுமையான எக்ஸிமா, அடிக்கடி வாந்தி, மலத்தில் சளி அல்லது ரத்தம், எடை கூடாமை ஆகியவற்றில் சில சேர்ந்துவரும். பால் குடித்த சிறிது நேரத்தில் உதடும் முகமும் வீங்கினால் அது அவசர நிலை.

ஒவ்வாமை என்று சந்தேகித்தால் மருத்துவர் 2 முதல் 4 வாரம் சிறப்புப் பால்மாவு கொடுத்துப் பார்ப்பார். பிறகு பழைய பாலை மீண்டும் கொடுத்து உறுதிசெய்வார். நாமே ஒவ்வொரு டின்னாக மாற்றிக்கொண்டிருந்தால் இந்தத் தடயமெல்லாம் கலைந்துவிடும். உண்மையில் ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்குத்தான் அதனால் அதிக இழப்பு. நோய் கண்டறியப்படும் நாள் தள்ளிப்போகும்.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

• 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
• பச்சை நிற வாந்தி, வாந்தியில் ரத்தம், பீறிட்டு அடிக்கும் வாந்தி
• மலத்தில் ரத்தம், அல்லது வெள்ளை, சாம்பல் போல் வெளிறிய மலம்
• வயிறு கல் போல இறுகி உப்பியிருப்பது
• பால் குடிக்க மறுப்பது, ஈர டயப்பர் வெகுவாகக் குறைவது
• துவண்டு கிடப்பது, எழுப்பக் கடினமாக இருப்பது
• அழுகையின் சத்தமே மாறியிருப்பது
• தொடை இடுக்கில் வீக்கம்

கை, கால் விரல்களையும் பாருங்கள். ஒரு தலைமுடி விரலில் சுற்றி இறுகியிருந்தாலும் குழந்தை வீறிட்டு அழும்.

அவசரமில்லை என்றால் குடும்ப மருத்துவர் அல்லது பலதுறை மருந்தகம். அவசரம் என்றால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறாருக்கான அவசரப் பிரிவுகள் உண்டு. மூச்சுவிடச் சிரமப்பட்டால் உடனே 995.

உங்களையும் கவனியுங்கள்

மணிக்கணக்கில் அழும் குழந்தையோடு தூக்கமில்லாமல் இருப்பது யாரையும் உடைத்துவிடும். கோபம் வந்தால் நீங்கள் கெட்ட அம்மாவோ கெட்ட அப்பாவோ ஆகிவிட மாட்டீர்கள்.

பொறுமை எல்லை மீறுகிறது என்று தோன்றினால், குழந்தையைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுக் கதவைத் தாண்டி வாருங்கள். 5, 10 நிமிடம். முகம் கழுவுங்கள், யாருக்காவது ஃபோன் செய்யுங்கள். அந்த நேரத்தில் குழந்தை அழுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் சில வினாடி உலுக்கினாலே மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுவிடலாம். எந்த நிலையிலும் குழந்தையை உலுக்கக்கூடாது. பார்த்துக்கொள்ளும் எல்லாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

இரவை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் நள்ளிரவு வரை, மற்றவர் அதற்குப் பிறகு. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், குழந்தையின் மீது பற்றே வரவில்லை என்று தோன்றினால், தடுப்பூசிக்குப் போகும்போது தாதியிடம் அதையும் சொல்லுங்கள். அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை யாராவது "பாலை மாத்திப் பாரு" என்று சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். குழந்தையின் எடை கூடுகிறதா? மேலே சொன்ன அபாய அறிகுறிகள் ஏதும் உண்டா? நிப்பிளையும் ஸ்கூப்பையும் சரிபார்த்தாயிற்றா? எடை கூடுகிறது, அறிகுறி இல்லை, எல்லாம் சரிபார்த்தாயிற்று என்றால், குழந்தைக்குத் தேவை இன்னும் சில வாரம். கையில் இருக்கும் டின்னே போதும்.

(இது பொதுவான தகவல். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் வேறு உடல்நலப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கும் மருத்துவரின் ஆலோசனையையே பின்பற்றவும்.)